கப்பாலிலிருந்து ஹம்பிக்கு: பாறைக்குழம்பு ஏறிய வழியில்

வெள்ளி, பெங்களூரு

கர்நாடகத்தின் தெற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கருங்கல் பட்டை ஓடுகிறது. அகலம் பெரும்பாலும் 20, 30 கிலோமீட்டர்தான். கனகபுரா வட்டத்தில் தொடங்கி ராமநகரா, மாகடி, மதுகிரி, பாவகடா என்று குன்று குன்றாக எழுந்து, ஆந்திர எல்லையை உரசிக்கொண்டு ஹம்பி வரை போகிறது. புவியியலாளர்கள் இதைக் குளோஸ்பேட்டை கிரானைட் என்பார்கள். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த பாரி குளோஸின் பெயரால் ராமநகரா அப்போது குளோஸ்பேட்டை எனப்பட்டது. ஊரின் பெயர் மாறிய பிறகும் பாறைக்கு அதுவே நிலைத்துவிட்டது. வயது சுமார் 251 கோடி ஆண்டுகள்.

ஹம்பிக்குப் போகிறவர்கள் எல்லோரும் இந்தப் பட்டையின் வடகோடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் தெற்கிலிருந்து தொடங்குகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நிலப்பரப்பு முழுவதும் மெல்லச் சாய்ந்து, தெற்குப் பக்கம் அதிகமாக உயர்ந்து, பின்பு கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தெற்கே இன்று வெயிலில் கிடக்கும் பாறை, ஒரு காலத்தில் பூமிக்குள் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. ஹம்பியில் கிடப்பது பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் உறைந்தது. வடக்கே 30 கிலோமீட்டர் வண்டி ஓட்டினால், பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் மேலே ஏறியதாகத் தோராயமாகக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பாறைக்குழம்பு எங்கே பிறந்தது, எந்த வழியாக ஏறியது, எங்கே நின்று கல்லானது என்ற மூன்றையும் தரையிலேயே பார்த்துவிடலாம். பெரும்பாலான கிரானைட் மலைகளில் உச்சி தெரிந்தால் வேர் தெரியாது.

துணைக்கு மாமா வந்திருக்கிறார். அக்காவின் கணவர். கிருஷ்ணகிரிப் பக்கம் கல் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறை வைத்து முப்பது வருடங்கள் கல்லோடு புழங்கியவர். ஜீப் அவருடையது, டீசலும் அவருடையது. ஆகவே எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார்.

முதல் நிறுத்தம் லால்பாக். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்த வழவழப்பான பாறை மேடு கிரானைட் அல்ல, நீஸ்; சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி வரியோடிய பாறை. மைசூர் சமஸ்தானத்தின் புவியியல் துறையில் இருந்த டபிள்யூ. எஃப். ஸ்மீத் இதற்குத் தீபகற்ப நீஸ் என்று பெயரிட்டார். சுமார் 300 கோடி ஆண்டு வயதான இந்தப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. நமக்கு இது முக்கியமாவதன் காரணம் வேறு: குளோஸ்பேட்டைக் குழம்பு துளைத்துக்கொண்டு ஏறிய பழைய நிலம் இதுதான். அந்தக் குழம்பின் மூலப்பொருளில் ஒரு பங்கும் இந்த வகைப் பாறைதான்.

குனிந்து பார்த்தால் வெளிர்சாம்பலும் கருஞ்சாம்பலுமாக வரிகள். சில வரிகள் நூல் கனம், சில கை அகலம். எல்லாம் நெளிந்து மடிந்திருக்கின்றன. நடுவே கட்டைவிரல் அகலத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு அந்த வரிகளை எல்லாம் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. வெட்டுவது இளையது, வெட்டுப்படுவது மூத்தது. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும், மற்ற நாட்களை ஓட்டிவிடலாம்.

“இந்த மாதிரி வரியோடிய கல்லைத்தான் மாப்பிள்ளை எங்கள் பக்கம் பாரடைசோ என்று விற்கிறோம். கிரானைட் என்றுதான் பில் போடுவோம்” என்றார் மாமா. கல் வியாபாரத்தில் பளபளப்பு ஏறும் கடினமான கல் எல்லாமே கிரானைட்தான். சமையலறை மேடைகளில் பதிக்கும் பிளாக் கேலக்ஸி, ஓங்கோலுக்கு அருகே சீமகுர்த்தியில் வெட்டப்படும் கேப்ரோ வகைக் கல். குன்னம் கறுப்பு என்பது டோலரைட். இரண்டிலும் குவார்ட்ஸ் என்ற கண்ணாடிபோன்ற கனிமத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புவியியலாளர் கணக்கில், பாறையின் வெளிர்நிறக் கனிமங்களில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது குவார்ட்ஸ் இருந்தால்தான் அது கிரானைட் ஆகும். மீதியில் பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார், அதிலும் பொட்டாசியம் கலந்த வகை கணிசமாக இருக்க வேண்டும். மாமா இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வாங்குகிறவனிடம் இதையெல்லாம் சொன்னால் அவன் டைல்ஸ் கடைக்குப் போய்விடுவான்” என்றார்.

சனி, கப்பால்

கனகபுராவைத் தாண்டிக் கப்பாலம்மா கோயிலுக்குப் போகும் சாலையில் கூட்டம். கோயிலுக்கு மேலே கப்பால்துர்கா குன்று நெட்டுக்குத்தாக நிற்கிறது. நாங்கள் தேடி வந்தது அதைச் சுற்றியுள்ள பழைய கல்குவாரிகளை.

புவியியல் படித்தவர்களுக்கு இந்த ஊர் ஒரு யாத்திரைத் தலம். 1960இல் சி. எஸ். பிச்சமுத்து இங்கே ஒரு விந்தையைப் பதிவு செய்தார். சாம்பல்நிற நீஸ், ஒரே பாறைக்குள், திட்டுத் திட்டாக சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையில் உறைந்து நிற்கிறது. சார்னோகைட் நமக்குத் தூரத்துப் பாறை அல்ல. சென்னை பரங்கிமலையும் பல்லாவரமும் அந்தக் கல்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் அதே வகைக் கல் என்பதால் 1893இல் தாமஸ் ஹாலந்து அதற்கு அவர் பெயரை வைத்தார்.

குவாரியின் கிழக்குச் சுவரில் அதைக் கண்டோம். வெளிர்சாம்பல் நீஸின் வரிகள் நேராக வருகின்றன. ஓர் இடத்தில் அவை மங்கி, எண்ணெய் தேய்த்தது போன்ற கரும்பச்சைத் திட்டுக்குள் கரைந்துவிடுகின்றன. இரண்டடி தள்ளி மறுபக்கம் அதே வரிகள் மீண்டும் தெளிவாகின்றன. எல்லை என்று கோடு கிழிக்க முடியாது. விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனால், எந்த இடத்தில் கல் மாறியது என்று சொல்ல வரவில்லை. மாமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாறை மேல் ஊற்றினார். கல் பட்டறைக்காரர்களின் பழைய வித்தை. நனைந்த கல்லில் பாலிஷ் போட்டபின் வரும் நிறம் தெரிந்துவிடும். பச்சை பளிச்சென்று எழுந்தது.

நடந்தது என்னவென்றால், அவ்வளவு ஆழத்தில், 700 டிகிரியை ஒட்டிய சூட்டில், கார்பன் டை ஆக்சைடு நிறைந்த பாய்மம் பாறையின் விரிசல்கள் வழியே புகுந்து, கனிமங்களுக்குள் பிடித்துவைக்கப்பட்டிருந்த நீரை விரட்டியது. ஹார்ன்பிளெண்டு, பயோடைட் எனும் கரிய மைக்கா போன்ற ஈரம் பொதிந்த கனிமங்கள் சிதைந்து, ஈரமில்லாத பைராக்ஸீன் உண்டானது. அப்படித்தான் நீஸ் சார்னோகைட் ஆனது.

இந்த ஈரம்தான் கிரானைட் கதையின் சூத்திரக்கயிறு. கிரானைட் உருவாகும் கலவை, நீர் இருந்தால் 650, 700 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும். நீரே இல்லையென்றால் ஏறத்தாழ ஆயிரம் டிகிரி வேண்டும். பாறைக்குள் நீர் என்றதும் ஊற்றோ குளமோ நினைவுக்கு வரக்கூடாது. மைக்காத் தகட்டின் அணு அடுக்குகளுக்குள் கட்டுண்டு கிடக்கும் நீர் அது. ஆழத்தில் சூடு ஏறும்போது மைக்கா உடைகிறது, நீர் விடுபடுகிறது, பக்கத்துக் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் உருகுகின்றன. முழுப் பாறையும் உருகிவிடுவதில்லை. முதலில் நூற்றில் பத்து, இருபது பங்கு. வெளிர்நிறக் கனிமங்கள் முன்னால் உருக, கரிய கனிமங்கள் அடம்பிடித்துத் தங்கிவிடுகின்றன.

அடுத்த குவாரியில் அதுவும் இருந்தது. நீஸின் மடிப்புகளுக்கு நடுவே வெள்ளையும் ரோஜா நிறமுமான குட்டைகள், உள்ளங்கை அளவு, சில தலையணை அளவு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கரிய மைக்கா ஒரு கோடாக ஒட்டியிருக்கிறது. உருகியது உள்ளே, உருக மறுத்தது விளிம்பில். குட்டைகளிலிருந்து மெல்லிய நரம்புகள் புறப்பட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, மணிக்கட்டுக் கனமாகி மேல்நோக்கிப் போகின்றன. ராமநகராவின் மலைகள் அத்தனையும் இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தவையா என்றால், பாதி ஆம். மறுபாதி இன்னும் ஆழத்திலிருந்து, புவிமேலோட்டுக்கும் கீழே உள்ள கவசத்திலிருந்து வந்தது. அந்தச் சூடான குழம்பு கீழிருந்து முட்டியதால்தான் நீஸ் உருகவே தொடங்கியது. அன்றைய பூமி இன்றையதைவிட உள்ளே அதிகச் சூடானது என்பதையும் மறக்கக்கூடாது. கிரானைட்டின் வேதியியலில் இரண்டு பெற்றோரின் சாயலும் உண்டு. உருகிய நீஸ் மட்டும் என்றால் இத்தனை மெக்னீசியம் இருக்க நியாயமில்லை.

மதியம் கப்பாலில் ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும். கடைக்காரரிடம் பாறையைப் பற்றி விசாரித்தேன். “ஜல்லிக்கு நல்ல கல்” என்று முடித்துக்கொண்டார்.

ஞாயிறு, ராமநகரா, சாவனதுர்கா

இன்றைக்கு எழுத வேண்டியது அதிகம்.

ராமநகரா என்றாலே பட்டுக்கூடுச் சந்தையும், ஒரு பழைய இந்திப் படத்தின் கொள்ளைக்காரன் பாறையும்தான் எல்லோருக்கும் ஞாபகம். ராமதேவர மலை 2012 முதல் கழுகுச் சரணாலயம். பாறையின் நெடுக்கான விரிசல்களும் திண்ணைகளும் பாறுக் கழுகுகள் கூடு கட்டத் தோதானவை. நாங்கள் போனபோது தொலைவில் இரண்டு வட்டமிட்டன. பிறகு ஊருக்கு வெளியே, வேலை நின்றுபோன ஒரு குவாரிக்கு மாமா கூட்டிப்போனார்.

மலையேறிப் பார்ப்பதைவிடக் குவாரிச் சுவரைப் பார்ப்பதே மேல் என்பது என் கட்சி. மலையின் மேற்பரப்பு வெயிலும் மழையும் பாசியும் பட்டு மங்கியிருக்கும். வைரக்கம்பி ரம்பம் அறுத்த சுவரோ, பாறையின் உள்ளுறுப்புகளை அப்படியே காட்டுகிறது.

முதலில் கண்ணில் படுவது இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள். செவ்வகமாக, மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம். கையில் லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு; கோட்டின் ஒரு பாதி ஒளியை வீசும்போது மறுபாதி மங்கும், தலையைச் சாய்த்தால் மாறிக்கொள்ளும். இரட்டைப் படிகம். சிவப்புக்குக் காரணம் உள்ளே தூசியாகப் பரவிய இரும்பு ஆக்சைடு. படிகங்களுக்கு இடையே கண்ணாடிச் சில்லுபோல சாம்பல்நிறக் குவார்ட்ஸ், கறுப்புப் புள்ளிகளாக பயோடைட். குவார்ட்ஸுக்குத் தனி வடிவமே இல்லை, மற்றவை விட்ட இடத்தை நிரப்பியிருக்கிறது. கடைசியாக உறைந்தது அதுதான் என்று அதிலிருந்தே தெரியும். இந்த அளவுக்குப் படிகம் வளர வேண்டுமானால் சூடு மிக மெதுவாக இறங்க வேண்டும். மேலே பல கிலோமீட்டர் பாறை போர்த்தியிருந்ததால், இந்தப் பாறைக்குழம்பு ஆற லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. எரிமலை வாயில் வெளியே வந்து கொட்டியிருந்தால் அதே குழம்பு கண்ணுக்குத் தெரியாத பொடிப் படிகங்களாகி ரயோலைட் ஆகியிருக்கும்.

நாலடி பின்னால் நின்று பார்த்தால் படிகங்கள் பெரும்பாலும் ஒரே திசையைப் பார்க்கின்றன, வடக்கு தெற்காக. முழுக்கக் கெட்டியாவதற்கு முன் குழம்பு அந்தத் திசையில் இழுபட்டு ஓடியிருக்கிறது. அப்போது இங்கே நிலமே வடக்கு தெற்காக வெட்டுண்டு ஒன்றையொன்று உரசி நகர்ந்துகொண்டிருந்தது. குழம்பு ஏறுவதற்கு வழி விட்டது அந்தப் பலவீனமான வடுதான். சுற்றியுள்ள நீஸைவிட உருகிய குழம்பு அடர்த்தி குறைந்தது. அதனால் மேலே போகத்தான் பார்க்கும். வழி மட்டும் வேண்டும்.

அடுத்து, கரிய திட்டுகள். கால்பந்து அளவில், நீள்வட்டமாக, ஓரம் அலையலையாக. மாமாவுக்கு இவற்றைக் கண்டாலே எரிச்சல். “பிளாக் முழுக்க நன்றாக இருக்கும். நடுவில் இது ஒன்று வந்தால் ஏற்றுமதி கிடையாது, விலை பாதி” என்றார். ஆனால் இந்தச் சுவரிலேயே விலைமதிப்பானது அதுதான் என்பேன். ஒரு திட்டின் ஓரத்தில் சிவப்புப் படிகம் ஒன்று, பாதி உடல் கரிய பக்கம், பாதி வெளிர் பக்கம் என்று குறுக்கே கிடந்தது. இன்னொன்று முழுதாகவே கரிய திட்டுக்குள் போய்விட்டிருந்தது. கரியது உடைந்து விழுந்த பழைய கல்லாக இருந்தால், அதன் ஓரம் கூர்மையாக இருந்திருக்கும். அதற்குள் படிகம் நுழைந்திருக்க முடியாது. ஆக இரண்டுமே ஒரே நேரத்தில் திரவமாக இருந்தவை. கவசத்திலிருந்து வந்த கரிய குழம்பு, மேலோட்டில் உருகிய வெளிர்க் குழம்புக்குள் புகுந்து, முழுதாகக் கலப்பதற்குள் இரண்டும் உறைந்துவிட்டன. நேற்று சொன்ன இரண்டு பெற்றோரும் இங்கே நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

கிரானைட் உருகிய நிலையிலிருந்து வந்தது என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் வெர்னரும் அவருடைய சீடர்களும், ஆதிக் கடலின் நீரிலிருந்து முதலில் படிந்த பாறை கிரானைட் என்று கற்பித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் ஹட்டன் அதை ஏற்கவில்லை. 1785இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகையில், சிவந்த கிரானைட் நரம்புகள் கரிய பாறையைக் குறுக்கே கிழித்துப் புகுந்திருப்பதைக் கண்டார். கடலடியில் முதலில் படிந்த பாறை, தனக்குப் பின்னால் வந்த பாறையை எப்படிக் கிழிக்கும்? அவர் குதித்த குதியைக் கண்ட வழிகாட்டிகள், வெள்ளியோ தங்கமோ கிடைத்துவிட்டது என்று நினைத்தார்களாம். அதோடு சண்டை முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில்கூட, திடப்பாறைக்குள் வேதிப்பொருள்கள் ஊடுருவி உருகாமலேயே கிரானைட்டாக மாறியது என்று வாதிட்ட பெரிய தலைகள் இருந்தார்கள். டட்டிலும் போவனும் ஆய்வுக்கூடத்தில் நீரோடும் அழுத்தத்தோடும் இந்தக் கலவையை உருக்கி, 1958இல் முடிவுகளை வெளியிட்ட பிறகுதான் அந்தக் குரல் தணிந்தது. குளோஸ்பேட்டைப் பட்டையை ஊர் ஊராக நடந்து அளந்த பி. பி. ராதாகிருஷ்ணாவின் ஆய்வு நூல் 1956இல் வந்தது. அந்தச் சண்டை உச்சத்தில் இருந்த காலம்.

மாலையில் மாகடி வழியாக சாவனதுர்கா. கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர், ஒரே கல். ஏறும்போது சில இடங்களில் காலடி ஓசை மாறுகிறது. குதிகாலால் தட்டினால் உள்ளே கூடாக இருப்பதுபோல ஒலிக்கும். பாறை தகடு தகடாகப் பிரிந்திருப்பதன் ஓசை அது. மேலே அழுத்திக்கொண்டிருந்த பல கிலோமீட்டர் சுமை அரித்துப் போனதும் பாறை மெல்ல விரிகிறது; விரியும்போது மேற்பரப்புக்கு இணையாகப் பிளக்கிறது. முழங்கால் உயரத் தகடுகள் சரிந்து கிடந்த இடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தோம். இறங்கும்போதுதான் கால் நடுங்கியது. ஏறுவதைவிட இறங்குவது சிரமம்.

திங்கள், மதுகிரி, பாவகடா

மதுகிரிக் கோட்டையில் பாதி தூரம் ஏறி, வெயிலுக்குப் பயந்து இறங்கிவிட்டோம். கல் நேற்றுக் கண்ட அதே குடும்பம்தான், படிகம் சற்று அடர்த்தி.

வழியில் மாமா கேட்டார்: “251 கோடி என்று ஒரு கோடி பிசகாமல் எப்படிச் சொல்கிறார்கள்?” சிர்கான் வைத்துத்தான். கிரானைட்டில் பொடி மணலைவிடச் சிறியதாக சிர்கான் படிகங்கள் இருக்கும். குழம்பிலிருந்து உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். குளோஸ்பேட்டை சிர்கானில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவரை ஈயமாகியிருக்கிறது. யுரேனியம்-235 என்ற இன்னொரு கடிகாரம் வேறு வேகத்தில் ஓடுகிறது. இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு சரி. சில கிரானைட்டுகளில் சிர்கானின் நடுவே இன்னும் பழைய சிர்கான் ஒன்று கருவாக இருப்பதுண்டு. உருகிப்போன பழைய பாறையிலிருந்து உருகாமல் தப்பி வந்தது.

அந்த 251 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் கிட்டத்தட்டக் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் உயிர் ஒன்றுகூட இல்லை. மேலே நுண்ணுயிர்கள் மட்டும் இருக்க, கீழே இது உறைந்துகொண்டிருந்தது.

பாவகடா கர்நாடகத்தில் இருந்தாலும் சுற்றிலும் ஆந்திரம், டீக்கடையில் தெலுங்குதான். குடிக்கத் தண்ணீர் கேட்டதும் கேன் தண்ணீரை நீட்டினார்கள். இந்த வட்டாரத்தின் ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம். காரணம் இதே பாறை. பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் ஆகிய கனிமங்களில் இருக்கும் ஃப்ளோரின், விரிசல்களில் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும் நீரில் கரைகிறது. மழை குறைவு, ஆழ்துளை அதிகம், அளவு கூடிக்கொண்டே போகிறது. பல்லில் பழுப்புக் கறை, பிறகு எலும்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கும் இதே பாடு என்பதால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுபோக வேண்டியிருந்தது. மாமாவின் ஊரில் அவர் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தக் கறை உண்டு. அவர் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை, கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பாவகடாவைத் தாண்டி வடக்கே போகப் போகப் பெருங்குன்றுகள் இல்லாமல் போகின்றன. பட்டை அறுந்துபோகிறது. சமவெளி, நிலக்கடலைக் காடு, பாறை வெளியில் தெரியும் இடங்களில் பழைய நீஸ். அதில் வலை பின்னியதுபோலக் கிரானைட் நரம்புகள். சுற்றுலாப் பயணிக்கு இங்கே பார்க்க ஒன்றுமில்லை. எனக்கு இந்தப் பயணத்தின் நடுநாயகமே இந்த ஒன்றுமில்லாத இடம்தான்.

இந்த இடைவெளிக்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது: சோறு வடிப்பது. ஆழத்தில் அகலமாகத் திரண்ட குழம்பு ஏற ஏற ஆறி, பெரிய படிகங்கள் நிறைந்துவிட்டன. வழியும் இங்கே குறுகியது. படிகங்கள் பருக்கைகளாக மாட்டிக்கொண்டு கீழேயே தங்கின. இடையில் இருந்த திரவம் மட்டும் நரம்புகள் வழியே கஞ்சியாக வடிந்து மேலே போனது. ராமநகராவில் பார்த்தது பருக்கை. ஹம்பியில் பார்க்கப்போவது கஞ்சி உறைந்த இடம்.

“அப்படியானால் ஹம்பியில் பெரிய பொரி இருக்காது” என்றார் மாமா. படிகத்தை அவர் பொரி என்றுதான் சொல்வார்.

செவ்வாய், ஹம்பி

இரவு ஹோசப்பேட்டையில் தங்கி, காலையில் ஹம்பி. நான் தட்டிப் பார்த்த, தடவிப் பார்த்த பாறை உருண்டைகளில் பரல், அதாவது படிகத் துகள், பெரும்பாலும் நடுத்தர அளவு. ராமநகராவின் அந்த நெருக்கமான பெரும்படிகக் கூட்டம் இல்லை, கரிய திட்டுகளும் அரிது. கல் ஒரே சீராக இருக்கிறது. மாமா கையைத் தட்டிவிட்டு, “இது பிளாக் எடுக்கத் தோதான கல். எடுக்க விடமாட்டார்கள்” என்றார். 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், விடவே கூடாது.

வாலியும் சுக்ரீவனும் சண்டையில் எறிந்த பாறைகள்தான் இவை என்று ஊரில் சொல்வார்கள். கிஷ்கிந்தை இது என்பதால் அந்தக் கதைக்கு இங்கே தனி மரியாதை உண்டு. ஆனால் இந்த உருண்டைகளை யாரும் எறியவில்லை, எங்கிருந்தும் உருண்டும் வரவில்லை. பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே உருவானவை. உறைந்த கிரானைட் ஆறிச் சுருங்கும்போதும், மேற்சுமை நீங்கி விரியும்போதும் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டு, பெட்டி பெட்டியாகப் பிரிந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி விரிசலில் இறங்கியது. அது ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்கும், குவார்ட்ஸை ஒன்றும் செய்யாது. பெட்டியின் முகத்தை நீர் ஒரு பக்கமிருந்து தாக்கும், விளிம்பை இரண்டு பக்கமிருந்து, மூலையை மூன்று பக்கமிருந்து. அதனால் மூலை முதலில் போகிறது. மண்ணுக்கடியிலேயே பெட்டிகள் உருண்டைகளாகி, பிறகு சுற்றியிருந்த மக்கிய மண்ணை மழை கழுவிக்கொண்டு போனதும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே நிற்கின்றன. மாதங்க மலைச் சரிவில் ஓர் அடுக்கில், மேல் உருண்டையின் விரிசல் கோடு கீழ் உருண்டையில் நேராகத் தொடர்வதைப் பார்த்தோம். ஒரே கல்லாக இருந்தவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இங்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் பாறை மேலிருந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 251 கோடி ஆண்டுகளுக்குச் சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டுக்கு நான்கு மீட்டர். உண்மையில் இப்படிச் சீராக நடந்திருக்காது. சில காலம் வேகமாகவும் நெடுங்காலம் சும்மாவும் இருந்திருக்கும். துங்கபத்திரையின் கரையில் கொஞ்சம் மணலை அள்ளி லென்ஸில் பார்த்தேன். குவார்ட்ஸ்தான் பெரும்பகுதி, நடுநடுவே இன்னும் சிவப்பு மாறாத ஃபெல்ட்ஸ்பார் துணுக்குகள்.

புதன், ஹம்பி, ஆனெகுந்தி

இன்று கல் வெட்டியவர்களின் நாள். கோயில்களைச் சுற்றி பல உருண்டைகளில் வரிசையாகச் செவ்வகக் குழிகள். உளியால் குழி வெட்டி, ஆப்பு இறக்கிப் பிளந்திருக்கிறார்கள். மரஆப்பை வைத்துத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. மாமா இரும்பு ஆப்பும் சம்மட்டியும் என்ற கட்சி. குழிகளை விரலால் அளந்து பார்த்துவிட்டு, “நான் சின்ன வயதில் பார்த்த வேலை இதேதான். இடைவெளி கூட அதே” என்றார். பாதியில் விட்டுப்போன ஒரு பாறையில் ஆறு குழிகள், பிளவு வரவில்லை. ஏன் விட்டார்கள் என்று அவர் வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குழி வரிசை பாறையின் சுலபமான பிளவுத் திசைக்குக் கோணலாகப் போகிறது என்பது அவர் தீர்ப்பு. கிரானைட் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பிளக்காது. குவார்ட்ஸுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் ஒரே பக்கமாக அடுக்கியிருக்கும்; அந்தப் பக்கம் பார்த்து அடித்தால் கல் தானாக வாய் பிளக்கும். நல்ல கல்தச்சர் இதை அடிக்கும் ஓசையிலிருந்தே சொல்லிவிடுவார்.

கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1528இல் அமைந்த உக்கிர நரசிம்மர் 6.7 மீட்டர் உயரம், ஒரே பாறையில் நின்ற இடத்திலேயே செதுக்கியது. இத்தனை பெரிய கல்லில் குறுக்கே ஓடும் விரிசல் ஒன்றும் இல்லாததைத் தேர்ந்தெடுத்ததே பாதி வேலை. ஹஜார ராமர் கோயிலின் உள்ளே நிற்கும் கறுப்புத் தூண்கள் இந்தக் கிரானைட் அல்ல, நயமான பரல் கொண்ட வேறு கரிய கல். மாமா அந்தத் தூண்களுக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார். தொழில் பாசம்.

மதியத்துக்கு மேல் ஆனெகுந்திப் பக்கம். ஓர் உருண்டையின் பிளவு முகத்தில் கடைசிச் செய்தி கிடைத்தது. விரல் கனத்தில் வெளிர் நரம்பு ஒன்று; அதன் ஓரங்களில் பொடிப் பரல், நடுவில் மட்டும் நகத்தளவு ஃபெல்ட்ஸ்பாரும் புகைநிறக் குவார்ட்ஸும். சுற்றியுள்ள கிரானைட் உறைந்து விரிசல் விட்ட பிறகும் மிஞ்சியிருந்த கடைசித் திரவம் புகுந்து உறைந்த இடம். மிச்சம் இருந்த நீரெல்லாம் அந்தக் கடைசித் திரவத்தில்தான் சேர்ந்திருக்கும். நீர் அதிகமானால் அணுக்கள் சுலபமாக நகர்ந்து பெரிய படிகங்களாகும். இத்தனை சிறிய நரம்பில் நகத்தளவுப் படிகம் வந்ததற்கு அதுவே காரணம். கப்பாலில் மைக்காவுக்குள் கட்டுண்டிருந்த நீர் இங்கே வரை வந்து சேர்ந்திருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், மற்ற மாதங்களில் சாவனதுர்காவின் பாறை காலைச் சுட்டுவிடும், மழையில் வழுக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், நனைத்துப் பார்க்கத் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். ஓடும் குவாரிக்குள் அனுமதி கேட்காமல் நுழையாதீர்கள். மதிய நேரம்தான் பெரும்பாலும் வெடி வைப்பார்கள். சுத்தியலை ஹம்பிப் பக்கம் வெளியே எடுக்கவே கூடாது. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஹம்பியை விட்டுவிட்டு ராமநகராவுக்குப் போங்கள் என்பேன். மாமாவைக் கேட்டால் ஹம்பி என்பார்.